பிரஷ்ஷின் விலையும் ஈறின் நலமும்



வாலாஜாபேட்டைக் கடைத்தெருவில் ஏதேனும் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். அட்டையில் வரிசையாகத் தொங்கும் சாதாரணப் பல் பிரஷ் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். பேட்டரி போட்டு ஓட்டும் பிரஷ் சில நூறு ரூபாய். கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கும் மின்சார பிரஷ் ஆயிரக் கணக்கில். இவற்றுக்கெல்லாம் மேலே, கைப்பேசியுடன் பேசும் 'ஸ்மார்ட்' பிரஷ் ஒன்று உண்டு. அதன் விலையில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம். ('பல்துலக்கி' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால் விழிப்பார். ஆகவே பிரஷ் என்றே எழுதுகிறேன்.)

சென்ற ஆண்டு என் வகுப்பில் முதலாண்டு இயற்பியல் படிக்கும் மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவனுடைய தந்தை ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடுகின்றனவாம். பல் தேய்த்தால் இரத்தம் வருகிறது என்பதால் அந்த இடத்தில் மட்டும் தேய்ப்பதையே விட்டுவிட்டாராம். "உதவித்தொகைப் பணம் வந்திருக்கு சார். அப்பாவுக்கு அந்தக் கரண்ட் பிரஷ் வாங்கிக் கொடுத்தா பல் கெட்டியாகுமா?" என்று கேட்டான்.

கேள்வி சின்னதுதான். ஆனால் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மின்காந்தத் தூண்டல் பற்றி அரைமணி நேரம் முன்புதான் முழங்கிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பிரஷ் வேலை செய்யும் விதமும் எனக்குத் தெரியும். அது ஈறுக்கு என்ன செய்யும் என்பது மட்டும் தெரியவில்லை. "இரண்டு நாள் பொறு தம்பி" என்றேன். அந்த இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. அப்போது படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

தோலும் ஈறும்

நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஈறைப் பற்றிச் சொல்வது எளிது. ஏனென்றால் உங்களுக்குத் தோலைப் பற்றித் தெரியும். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ டேனரிக்குள் ஒருமுறை போனவர்கள், பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புப் போடாவிட்டால் என்ன ஆகும்? நுண்ணுயிர்கள் பெருகி, தோல் இரண்டே நாளில் நாறி நைந்துபோகும். தோலின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் நார்ப்புரதம். அந்த நார்கள் அறுந்தால் தோல் போயிற்று.

அதே கொலாஜன் நார்கள்தாம் உங்கள் ஈறிலும் இருக்கின்றன. பல் என்பது தாடை எலும்பில் அறைந்த ஆணி அன்று. பல்லின் வேருக்கும் எலும்புக் குழிக்கும் இடையே ஆயிரக்கணக்கான கொலாஜன் நார்கள் கட்டப்பட்டு, பல் அவற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்திருப்பதைப் போல. கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தால் கட்டில் தொய்கிறது, பல் ஆடுகிறது.

அறுப்பவர் யார்? பல் துலக்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் பல்லின் மீது நுண்ணுயிர்கள் வந்து ஒட்டத் தொடங்குகின்றன. பிசுபிசுப்பான ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டம் கூட்டமாகக் குடியேறுகின்றன. இதைப் பற்படலம் என்போம். ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லேவன்ஹூக், தம் பல்லிலிருந்து சுரண்டியெடுத்த வெள்ளைப் பொருளைத் தாமே தேய்த்துச் செய்த லென்சின் வழியே பார்த்து, அதற்குள் உயிர்கள் நீந்துவதை 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் கண்டது இந்தப் படலத்தைத்தான். வாய் கொப்பளித்தால் இது போகாது. தேய்த்தால்தான் போகும். ஈறின் ஓரத்தில் இது தங்கினால் உடல் சும்மா இருப்பதில்லை. இரத்தம் அங்கே விரைகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இதுவே ஈறு அழற்சி. நீண்ட நாள் இந்தப் போர் நீடித்தால், எதிரியை அழிக்க நம் உடலின் உயிரணுக்கள் வெளியிடும் நொதிகளே நம் கொலாஜனையும் அறுத்துவிடுகின்றன.

தேய்க்காத படலத்தில் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கெட்டியாவதே காரை. பாலாற்றங்கரை போர்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏறும் அல்லவா, அதுபோல. காரையாகிவிட்ட பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது.

இங்கே ஒரு சுவையான செய்தி. நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட உதவியவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். நாட்டுப் பல்பொடிகளிலும் கடுக்காய் உண்டு. இரண்டும் துவர்ப்பவை. துவர்ப்புக்குக் காரணமான டானின் புரதத்துடன் பிணைந்துகொள்கிறது. அதனால்தான் தோல் அழுகாமல் நிலைக்கிறது. அதனால்தான் பல்பொடி போட்டதும் ஈறு 'இறுகின' மாதிரி இருக்கிறது. ஆனால் உயிருள்ள ஈறைத் தோலைப்போல் பதனிட முடியாது. மேற்பரப்பில் சற்று நேரம் இறுக்கம் தோன்றும், அவ்வளவே. கயிறு அறுவது நிற்பதில்லை. செங்கல் தூள் போட்டுத் தேய்க்கும் வழக்கம் இதைவிடக் கெடுதல். செங்கலில் உள்ள குவார்ட்சின் கடினத்தன்மை மோ அளவுகோலில் 7. பல்லின் எனாமல் ஏறத்தாழ 5. ஈறு இறங்கிய இடத்தில் வெளித்தெரியும் வேர்ப்பகுதி அதையும்விட மெத்து. எது எதைத் தேய்க்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

துலக்காமலே இருந்தால்?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் தோழர்களும் 1965-இல் வெளியிட்ட சோதனை அது. நல்ல ஈறு உடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் சரியாகிவிட்டது. இரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை விட்ட அந்தத் தந்தை செய்ததன் விளைவை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள். இரத்தம் வரும் இடம்தான் மெதுவாக, ஆனால் தவறாமல் துலக்கவேண்டிய இடம்.

அதே லோவும் அவருடைய குழுவினரும் இன்னொன்றும் செய்தார்கள். 1970-இல் இலங்கையின் மலைநாட்டுக்குப் போனார்கள். அங்கே இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழிவந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரஷ், பல் மருத்துவர் இரண்டையுமே அறியாதவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அவர்களை 1985 வரை பலமுறை பரிசோதித்தார்கள். பற்சொத்தை அவர்களிடம் அநேகமாக இல்லை. ஆகவே பல் விழுந்தால் காரணம் ஈறுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

1986-இல் முடிவுகள் வெளியாயின. ஏறக்குறைய எல்லார் வாயிலும் படலமும் காரையும் மண்டிக் கிடந்தன. எல்லாருக்கும் அழற்சி இருந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே கதி நேரவில்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது: 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் எல்லாப் பற்களுமே போயின. 81 சதவீதத்தினருக்கு மெல்ல முன்னேறி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு அழற்சியோடு நின்றது. பல் விழவே இல்லை. "எங்கள் தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, பல் இரும்பு மாதிரி இருந்தது" என்று யாராவது சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்த 11 பேரில் ஒருவர். நீங்களும் அந்த 11 பேரில் ஒருவரா என்பதை முன்கூட்டி அறிய எளிய வழி கிடையாது.

ஒப்பிடுவதற்காக ஆஸ்லோ நகரில் மாணவர்களையும் படித்த வேலையில் இருப்பவர்களையும் இதேபோல் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் ஒழுங்காகத் துலக்குபவர்கள், பல் மருத்துவரிடம் போகிறவர்கள். 40 வயதை நெருங்கும்போது அவர்களுக்குப் பல்லைப் பிடித்திருக்கும் நார்ப்பிணைப்பு சராசரியாக ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு 4.5 மில்லிமீட்டர். இந்த மூன்று மில்லிமீட்டர்தான் நம் கட்டுரையின் விஷயமே.

(பதினைந்து ஆண்டுகள் ஏழைகளின் பல் விழுவதை அளந்துகொண்டிருந்தார்களே, அது முறையா என்று உங்களுக்குத் தோன்றினால், அது நல்ல கேள்வி. எனக்கும் தோன்றியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2010-இல் மீண்டும் தேடிப் போனபோது, 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது.)

கையா, மின்சாரமா?

இனி என் பாடத்துக்கு வருகிறேன். நைலான் இழை வைத்த பிரஷ் 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி மயிர்தான். மின்சார பிரஷ் 1954-இல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தது. 'பிராக்சோடென்ட்' என்று பெயர். சுவரில் செருகிய மின்கம்பியுடனேயே அதை வாய்க்குள் வைக்கவேண்டும். இப்போதுள்ளவற்றில் கம்பி இல்லை. பிரஷ்ஷைத் தாங்கியின் மேல் நிறுத்தினாலே மின்னேற்றம் ஆகிறது. தாங்கிக்குள் ஒரு கம்பிச்சுருள், பிரஷ்ஷின் அடியில் ஒரு கம்பிச்சுருள். 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல்தான். உலோகம் எதுவும் வெளியே தெரியாததால் குளியலறை ஈரத்தில் மின்னதிர்ச்சிக்கு இடமில்லை.

இவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்றில் வட்டமான சிறு தலை இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பி அசையும்; நிமிடத்துக்கு 8,800 முறை என்பது ஒரு மாதிரியின் கணக்கு. மற்றொன்று 'சோனிக்' வகை. நிமிடத்துக்கு 31,000 வீச்சு என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 517. போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணுவதால் அதையும் இரண்டால் வகுங்கள்: 258. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் 256 என்று பொறித்த இசைக்கவை ஒன்று இருக்குமே, அதன் அதிர்வெண்தான்! 'சோனிக்' என்பதற்குக் காதால் கேட்கும் ஒலி என்றுதான் பொருள். மீயொலியோ மாயமோ ஒன்றுமில்லை.

மேல்வகுப்பு மாணவர்கள் தனிச்சீரிசை இயக்கச் சூத்திரத்தை இங்கே போட்டுப் பார்க்கலாம். வீச்சு 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர். கையால் விநாடிக்கு 4 முறை, 1 சென்டிமீட்டர் வீச்சில் தேய்த்தால் 0.25 மீட்டர். முடுக்கத்தைக் கணக்கிட்டால் இன்னும் வியப்பு: சோனிக் இழையின் நுனிக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 260 மடங்கு!

இப்போது நேரக் கணக்கு. ஞானப்பல் நீங்கலாக 28 பற்கள். பிரஷ்ஷின் தலை ஒரு சமயத்தில் இரண்டு பற்களை மூடும் என்றால் 14 இடங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று 42 நிறுத்தங்கள். இரண்டு நிமிடம் துலக்கினால் ஒவ்வொன்றுக்கும் 2.9 விநாடி. கையால் அந்த நேரத்தில் 11, 12 தேய்ப்பு. சோனிக்கில் 700-க்கும் மேல். ஆனால் நம்மில் பலர் முக்கால் நிமிடத்திலேயே கொப்பளித்துத் துப்பிவிடுகிறோம். அப்போது ஒரு நிறுத்தத்துக்கு ஒரு விநாடிதான். கையால் நான்கே தேய்ப்பு. இயந்திரம் சோம்பேறிக்குக் கைகொடுக்கிறது என்பது உண்மை. அதில் இரண்டு நிமிடக் கடிகாரமும் இருக்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தயங்கி, இடம் மாறச் சொல்லும். அந்தக் கடிகாரத்துக்குத்தான் பாதி மதிப்பு என்பது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று இருக்கிறது.

ஸ்மார்ட் பிரஷ்ஷுக்கு என்ன தெரியும்?

கைப்பேசியுடன் இணையும் பிரஷ்கள் 2014 முதல் வரத் தொடங்கின. உள்ளே மயிரிழை போன்ற சிலிக்கான் கம்பிகளில் தொங்கும் ஒரு நுண்ணிய எடை இருக்கிறது. பிரஷ் சாயும்போதும் அசையும்போதும் அந்த எடை சற்றே நகர்கிறது. பக்கத்துத் தகட்டுடன் அதன் மின்தேக்குதிறன் மாறுகிறது. கீழ்நோக்கிய புவியீர்ப்பின் திசையை வைத்துப் பிரஷ் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கணித்து, வாயின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஊகித்து, கைப்பேசியில் படம் போட்டுக் காட்டுகிறது. அதிகம் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது.

கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரஷ் எங்கே இருந்தது என்று சொல்லுமே தவிர, அங்கே படலம் போயிற்றா என்று அதற்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பாடம் புரிந்ததா என்று சொல்வதைப் போன்றது இது.

அளந்தவர்கள் சொல்வது

பலரும் தனித்தனியே செய்த ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, கை பிரஷ்ஷையும் மின்சார பிரஷ்ஷையும் ஒப்பிட்டு 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 56 ஆய்வுகள். கணக்கிட முடிந்த 51 ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் சுமார் 4,600 பேர். மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியதில், மின்சார பிரஷ்ஷால் பற்படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் கூடுதலாகக் குறைந்தன. திரும்பித் திரும்பி அசையும் வட்டத் தலை வகைக்கே அதிகச் சான்று இருந்தது.

ஆகவே மின்சார பிரஷ் நல்லதுதான். ஆனால் 11 சதவீதம் என்றால் என்ன? கையால் துலக்குபவருக்கு அழற்சியின் மதிப்பெண் 100 என்றால் இவருக்கு 89. இந்த வேறுபாடு நோயாளிக்கு எவ்வளவு பயன் தரும் என்பது தெளிவில்லை என்று அறிக்கையே சொல்கிறது. 56 ஆய்வுகளில் 5 மட்டுமே நம்பகமானவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை. 46 ஆய்வுகளில் அதைத் தீர்மானிக்கப் போதிய விவரமில்லை. ஸ்மார்ட் பிரஷ் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு. பெரும்பாலும் குறுகிய காலத்தவை. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பிரஷ் தயாரிப்பவர்களே.

இதை அந்த ஆர்ஹூஸ் சோதனையோடு வைத்துப் பாருங்கள். துலக்காததற்கும் துலக்குவதற்கும் இடையே மலையளவு வேறுபாடு. கைக்கும் மின்சாரத்துக்கும் இடையே சிறு மேடு. கைநடுக்கம் உள்ளவர், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், பிறர் துலக்கிவிட வேண்டியவர் ஆகியோருக்கு மின்சார பிரஷ் விலையைப் பாராமல் வாங்கத் தக்கது. மற்றவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய தலையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டு சோதனைகள்

முதலாவது, மக்காச்சோளக் கதிர். அரிசிக் கஞ்சியில் மஞ்சள்தூள் கலந்து கதிரின் மேல் பூசிக் காயவிடுங்கள். பழைய பிரஷ் ஒன்றால் குறுக்காக இழுத்துத் தேய்த்துப் பாருங்கள். மணிகளின் தலை பளிச்சென்று ஆகிவிடும். மணிகளுக்கு இடையே மஞ்சள் அப்படியே நிற்கும். இப்போது பிரஷ்ஷை 45 பாகை சாய்த்து, இழைகளின் நுனி இடுக்கில் படும்படி வைத்து, இருந்த இடத்திலேயே சிறிதாக அசைத்துப் பாருங்கள். வாயில் அந்த நுனி ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் படவேண்டும். அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் பாஸ் பரப்பிய முறை இது. அப்படியும் இரண்டு மணிகள் நெருங்கித் தொடும் இடத்தில் மஞ்சள் மிஞ்சும். அங்கே நூல்தான் போகும். 1819-இலேயே லெவி ஸ்பியர் பார்ம்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் மெழுகு பூசிய பட்டு நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லி எழுதினார். பக்கத்து ஊர் ஆரணியில் பட்டு நெய்கிறோம். பல்லுக்கு மட்டும் அது வரவில்லை!

இரண்டாவது, சமையலறை மின்னணுத் தராசு. அதன் தட்டில் பிரஷ்ஷை இழை கீழாக வைத்து, வழக்கமாகப் பல்லில் எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு அழுத்தித் தேய்த்து, எண்ணைப் படியுங்கள். 150 கிராம் காட்டினால், அது 1.5 நியூட்டன் விசை, அதுவே போதும். 300, 400 என்று ஏறினால் ஈறு விளிம்பு தேயவும் பின்வாங்கவும் அது இடம் கொடுக்கும். ஸ்மார்ட் பிரஷ்ஷின் சிவப்பு விளக்கு செய்வதும் இந்த வேலையைத்தான்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஆடும் பல்லை எந்தப் பிரஷ்ஷும் கெட்டியாக்காது. அறுந்த நார் பிரஷ் பட்டு முளைக்காது. ஈறுக்கு அடியில் இருக்கும் காரையை மருத்துவர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். அப்பாவை அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குக் கூட்டிப் போ. சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்க்கும்." அவன் முகம் சற்று வாடியது. வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தான் போலிருக்கிறது.

மூன்று மாதம் கழித்துத் தேர்வறை வாசலில் பார்த்தேன். இரண்டு பற்களில் ஒன்றை எடுத்துவிட்டார்களாம், மற்றது நிற்கிறதாம். காரை எடுத்தபின் இரத்தம் நின்றுவிட்டது. மெத்து இழை வைத்த முப்பது ரூபாய் பிரஷ்தான். உதவித்தொகையில் வாங்கியது தராசு. "அப்பா முதல் நாள் நானூத்தி இருபது கிராம் அழுத்தினாரு சார். இப்ப இருநூறுக்கு வந்துட்டாரு" என்றான்.